அளவு சொல்லாமல் கேட்ட மழை

திருமுல்லைவாயில்
ஆகஸ்ட் 17

அன்புள்ள லூர்து அக்காவுக்கு,

மரியே வாழ்க. தம்பி ஆன்டோ எழுதுவது. இங்கே நான், ரியா, ஷாரன் மூவரும் நலம். அந்த மலைநாட்டு மடத்தில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நம் குடும்ப வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவு ஒன்று சென்ற வியாழக்கிழமை மாலை எடுக்கப்பட்டது. இருபது கிலோமீட்டரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மாறுவது என்று தீர்மானித்திருக்கிறேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. தொழிற்சாலையில் லாரி பாகங்களைச் சோதித்துத் தேறியதை அனுப்புவதும் தேறாததைத் தள்ளுவதும் என் வேலை என்பது உனக்குத் தெரியும். மூன்று வாரம் என்னையே அந்தச் சோதனை மேசையில் வைத்துப் பார்த்தேன். தேறினேன்.

டைம் டிரையல் என்பது மற்ற சைக்கிள் பந்தயம் போன்றதல்ல. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது. தனியாகப் போய், தனியாகத் திரும்பி வர வேண்டும். கடிகாரம்தான் எதிரி. எங்கள் கிளப்பின் இருபது கிலோமீட்டரில் நான்கு முறை ஓட்டிவிட்டேன். நான்கிலும் கடைசிக்கு முந்தின இடத்தை நிலையாகத் தக்கவைத்திருக்கிறேன். என் திறமை வெளிப்பட இருபதில் தூரம் போதவில்லை என்பது என் கணிப்பு. நாற்பதை எழுபத்தைந்து நிமிடத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம் உண்டு. எல்லோருக்கும்தான், ஆனாலும் பதக்கம்.

புறப்படும்போது பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார். நம் இரண்டு காலும் பெடலில் இருக்கும். எண்ணி முடித்ததும் கையை விடுவார். ஒவ்வொரு முறையும் உன் ஞாபகம் வரும். எனக்கு வாடகை சைக்கிளில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ.

எனக்காக ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்ய வேண்டும். உன் ஜெபம் இதுவரை எனக்கு வீண்போனதில்லை. வேலை கிடைத்ததும் அப்படித்தான்.

உன் ஆசியை எதிர்பார்க்கும்
ஆன்டோ

*

சிம்டேகா, ஜார்க்கண்ட்
செப்டம்பர் 2

அன்புத் தம்பி ஆன்டோவுக்கு,

இறைவன் உங்கள் மூவரையும் காப்பாராக. முழங்கால் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீ இருபதிலிருந்து நாற்பதுக்கு உயர்ந்த செய்தியை இரவு உணவின்போது சகோதரிகளுக்கு அறிவித்தேன். "ஆயிரமா, லட்சமா?" என்று மதர் கேட்டார்கள். கிலோமீட்டர் என்றேன். அதன் பிறகு கீரையைப் பற்றிப் பேசினோம்.

நவநாள் நாளைக்கே தொடங்குகிறேன். தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வருவதற்குப் பந்தயம் எதற்கு என்று ஒரு இளம் சகோதரி கேட்டாள். துறவறத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. போகப் போகத் தெரிந்துகொள்வாள்.

ஷாரனுக்கு இந்த வருடம் புதுநன்மை அல்லவா? முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிற பிள்ளை. மறைக்கல்வி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளா? விழா எந்தத் தேதி? உன் பந்தயம் எந்தத் தேதி? இரண்டையும் எழுது. ஜெப மேசையில் குறித்து வைப்பேன்.

மன்றாட்டில் உங்களை மறவாத
லூர்து அக்கா

*

திருமுல்லைவாயில்
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. நவநாள் தொடங்கிய வாரமே என் வேகம் கூடிவிட்டது. காற்று பின்னாலிருந்து அடித்தது என்று கிளப்பில் சொல்கிறார்கள். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் விடியும் முன் ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டை பக்கம் போகிறேன். அங்கே ஒரு டீக்கடை. போன வாரம் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, பேண்ட் போடாம கெளம்பிட்ட? ஊட்ல தொரத்திட்டாங்களா?"

இது பந்தய உடை, உடம்போடு ஒட்டியிருந்தால்தான் காற்று தடுக்காது என்று விளக்கினேன்.

"சரி, எங்க போய்க்கினு கீற?"

"எங்கேயும் போகலை. இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பி இங்கயே வருவேன்."

அவர் டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார். "இங்கயே வர்றதுக்கு இங்கயே குந்திகினு இருக்கலாமே மாமே."

இப்படிப்பட்ட சூழலில்தான் பயிற்சி நடக்கிறது. வீட்டிலும் ஊக்கம் குறைவுதான். ரியா பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையாக அடுக்குகிறாள்.

ஷாரன் நன்றாகப் படிக்கிறாள். மந்திரங்கள் எல்லாம் மனப்பாடம். வெள்ளை உடுப்புக்கு அளவு கொடுத்தாகிவிட்டது.

பின் சக்கரத்தில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. சரிசெய்துவிட்டேன். நீ கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்
ஆன்டோ

*

திருமுல்லைவாயில்
அக்டோபர் 1

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ரியா எழுதிக்கொள்வது. உங்கள் உடல்நலத்துக்காக தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஷாரனின் புதுநன்மை டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணிப் பூசையில். அவருடைய பந்தயமும் அதே ஞாயிறு காலை. அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். "ஏழரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன் ரியா, குளிச்சிட்டு நேரா கோயில்தான்" என்கிறார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஷாரனின் ஞானஸ்நானத்துக்கும் இப்படித்தான் வந்துவிடுவேன் என்றார். அன்று தொழிற்சாலை விளையாட்டு விழாவில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. அதனால் முடிய நேரமாகிவிட்டது. இவர்தான் ஜெயித்தார். நாங்கள் தண்ணீர் ஊற்றி முடித்து வெளியே வந்தபோது கோப்பையோடு நின்றிருந்தார்.

புதுநன்மை அன்று பிள்ளை எரியும் மெழுகுதிரியோடு பீடம் வரை நடக்க வேண்டும். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. மெழுகு கையில் விழாமல் அப்பா கீழே கை கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு வகுப்புக்கு ஷாரனைக் கொண்டுபோய் விடுவதே மேல்வீட்டு பார்த்தசாரதி சார்தான். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போகிறார். அவர் தினமும் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். இப்போது அவருக்கே பாதி மந்திரம் தெரியும்.

போன வாரம் ஷாரன் என்னிடம், "அப்பா வரலன்னா மெழுகுதிரியை நான் கீழ வச்சிடலாமாம்மா?" என்று கேட்டாள்.

நீங்கள் ஜெபித்தால் நடக்கும் என்று அவரே சொல்வார். அந்தப் பந்தயம் நடக்காமல் போக ஜெபியுங்கள் அண்ணி.

பணிவுடன்
ரியா

*

சிம்டேகா
அக்டோபர் 14

அன்பு ரியாவுக்கு,

இறை அமைதி உன்னோடு. கடிதம் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு சங்கடம். உன் கணவனுக்கான நவநாளை நான் முன்பே முடித்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் இல்லை.

என் தம்பி தோற்க வேண்டும் என்று ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. பந்தயம் நடக்கக் கூடாது என்று கேட்பதும் சுற்றி வளைத்து அதேதான். இரண்டு நாள் யோசித்தேன். மழை வேண்டும் என்று கேட்கலாம். மழை வேண்டி மன்றாடுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே பள்ளிப் பிள்ளைகளைக்கூட அதற்காக முழங்காலில் வைப்பதுண்டு. சாலை நனைந்திருந்தால் சைக்கிள்காரர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோயிலுக்குக் குடை போதும்.

குழந்தையிடம் சொல், மெழுகுதிரியைக் கீழே வைக்க வேண்டியிருக்காது.

அன்புடன்
லூர்து அண்ணி

*

சிம்டேகா
அக்டோபர் 14

அன்புத் தம்பி ஆன்டோவுக்கு,

இறைவன் உன்னோடு. இங்கே அனைவரும் நலம். டீக்கடைக்காரர் சொன்னதை மதருக்கு வாசித்துக் காட்டினேன். அவரை ஒருநாள் தியான உரைக்கு அழைக்கலாம் என்றார்கள்.

உனக்காக மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன கடிதத்தில் இரண்டு தேதிகள் கேட்டிருந்தேன். பின் சக்கரத்தைப் பற்றி எழுதியிருந்தாய்.

அன்புடன்
லூர்து அக்கா

*

திருமுல்லைவாயில்
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பயிற்சி கடுமை. ரியாவுக்கும் ஷாரனுக்கும் லேசான சளி, இப்போது நலம்.

தேதி கேட்டிருந்தாய். பந்தயம் டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. புதுநன்மையும் தற்செயலாக அன்றே அமைந்திருக்கிறது. பங்குக் கோயிலில் அறிவிப்பதற்கு முன்பே கிளப்பில் அறிவித்துவிட்டார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் மோதல் எதுவும் இல்லை. நெமிலிச்சேரி பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஐந்தே முக்காலுக்கு என் முறை. ஏழு மணிக்கு முடிவு. ஏழரைக்கு வீடு. எட்டரைக்குக் கோட்டும் டையுமாகக் கோயில் வாசல். ஒரு மணி நேரம் உபரியாகவே இருக்கிறது. அதில் டிபன் கூடச் சாப்பிடலாம். இதை ரியாவிடம் சொன்னால் இட்லிப் பானையை மூடுகிறாள்.

அக்கா, ஒன்று மனம்விட்டுச் சொல்கிறேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. மற்றவர்கள் செய்து அனுப்பியதைச் சரியா தப்பா என்று பார்த்தே இருபது வருடம் போய்விட்டது. நானாக ஒன்றைச் செய்து, அதற்கு ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. வேறொன்றுமில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீ ஒருத்திதான் என் பக்கம்.

ஆகவே ஒரு விசேஷ விண்ணப்பம். டிசம்பரில் இங்கே மழையை நம்ப முடியாது. அன்று மழை வராமலிருக்க ஜெபி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்
ஆன்டோ

*

சிம்டேகா
நவம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

இறைவன் துணை. உன் கடிதம் வந்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பள்ளியில் கூரை ஓடு மாற்றுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லூர்து

*

திருமுல்லைவாயில்
டிசம்பர் 19

சகோதரி லூர்தம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் உயிரோடு இருக்கிறோம்.

நீங்கள் ஆர்டர் செய்த மழை வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை நிற்கவில்லை. ரிங் ரோட்டில் படகு விட்டார்கள். பந்தயம் ரத்து. கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், புதுநன்மையும் ரத்து. எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது சனிக்கிழமை விடியவில்லை. நான் பதறவில்லை. முதலில் சைக்கிளை மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிறகு காஸ் சிலிண்டர். பிறகு டிவி. ஷாரனின் வெள்ளை உடுப்பு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததால் நனைந்துவிட்டது. நிறம் கொஞ்சம் மாறிவிட்டது. துவைத்தால் போய்விடும் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் நாங்களும், பக்கத்துப் போர்ஷன் ஆட்டோ ஓட்டும் தேவாவின் குடும்பமும் பார்த்தசாரதி சார் வீட்டில்தான் இருந்தோம். அவருடைய ஸ்கூட்டர் கீழே முழுகிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "யாரைம்மா போய்க் கேக்கறது?" என்று பொதுவாகச் சொன்னார்.

அதற்கு என் மகள் சொன்ன பதில்: "லூர்து அத்தையைக் கேளுங்க அங்கிள். அவங்கதான் மழைக்கு ஜெபம் பண்ணாங்க. அம்மாதான் பண்ணச் சொன்னாங்க. அப்பா ரேஸ் நடக்கக் கூடாதுன்னு."

ஒரு அறையில் பதினோரு பேர் இருந்தோம். ரியா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை.

தேவாதான் முதலில் வாய் திறந்தான். "இன்னா அண்ணாத்தே இது? உங்க ஊட்டுப் பஞ்சாயத்துக்கு ஆவடியே முழுகணுமா? என் ஆட்டோ இன்னா பாவம் பண்ணுச்சு?" அவன் மனைவி மைதிலி, "அந்த சிஸ்டர் அட்ரஸ் குடுங்கண்ணே, லோன் தள்ளுபடிக்கு ஒரு ஜெபம் சொல்லணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தசாரதி சார் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி எதிர்த்தது எனக்கு ஆச்சரியமில்லை. அவள் பாத்திரத்தை அடுக்குவதிலேயே தெரிந்தது. நீங்கள் "மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று எனக்கு எழுதினீர்கள். எதற்கு என்று எழுதவில்லை. எட்டு வயதில் வாடகை சைக்கிளில் என்னை ஏற்றிவிட்டு "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தீர்கள். திரும்பிப் பார்த்தபோது தெருமுனையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். விழுந்தேன். அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு
ஆன்டோ

*

சிம்டேகா
டிசம்பர் 31

அன்புத் தம்பி ஆன்டோவுக்கு,

புத்தாண்டில் இறைவன் உங்கள் வீட்டைக் காயவைப்பாராக. நீ என்னை "அவர்கள்" என்று எழுதியது இதுவே முதல் முறை.

நீ எழுதியதெல்லாம் உண்மை. மழைக்கு ஜெபித்தேன். அளவு சொல்லவில்லை. அது என் தவறு. தேவாவின் ஆட்டோவுக்காகவும் அந்தப் பெரியவரின் ஸ்கூட்டருக்காகவும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வாகனங்களை மூழ்கடித்ததாக இதுவரை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்று ஃபாதர் சொன்னார்.

உன் நவம்பர் கடிதம் வந்தபோது மழை ஜெபத்தின் நாள்களில் பாதி கடந்திருந்தது. நீ கேட்டதற்கு எதிரானதை நான் முன்பே கேட்டுவிட்டேன் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். கூரை ஓடு மாற்றுவதைப் பற்றி எழுதினேன்.

வாடகை சைக்கிள் விஷயம். கையை விட்டதால்தானே நீ ஓட்டக் கற்றாய் என்று நான் எழுதலாம். எழுதப் போவதில்லை. பிடித்திருக்கிறேன் என்று சொன்னேன், பிடித்திருக்கவில்லை.

உன்னிடம் தேதி இரண்டு முறை கேட்டேன். நீ எழுதும் முன்பே ரியா சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ எனக்குச் சொல்லாததையும் நான் உனக்குச் சொல்லாததையும் ஒரு தராசில் வைக்கலாம். வயதில் மூத்தவள் என்பதால் என் தட்டே கீழே இருக்கட்டும்.

உடுப்பு நனைந்ததை எழுதியிருந்தாய். எவற்றை எந்த வரிசையில் மேலே தூக்கினாய் என்பதையும் எழுதியிருந்தாய். அந்தப் பகுதியை நீ ஒருமுறை படித்துப் பார்.

இனி உன் வீட்டு விஷயத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நான் வாய் திறப்பதில்லை.

என்றும்
லூர்து அக்கா

*

திருமுல்லைவாயில்
ஜனவரி 8

அக்காவுக்கு,

நலம். சுவரில் ஈரக்கோடு இன்னும் இருக்கிறது.

பந்தயத்தை ஜனவரி மூன்றாம் ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார்கள். கோயில் சுத்தமாகிவிட்டது. பொங்கல் கழிந்து வைக்கலாம் என்று புதுநன்மையை ஃபாதரும் அதே ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார். இரண்டு இடத்திலும் பேசிப் பார்த்தேன் என்று எழுதலாம், பேசவில்லை. நேரத்தில் மாற்றமில்லை. ஏழரைக்கு வீட்டில் இருப்பேன்.

ஷாரனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். "பார்த்தசாரதி அங்கிளையும் வரச் சொல்லட்டுமாப்பா?" என்றாள். தாராளமாக வரட்டும் என்றேன்.

இம்முறை ஜெபம் எதுவும் வேண்டாம். வானிலை அறிக்கையே போதும். மழை இல்லை.

ஆன்டோ

*

திருமுல்லைவாயில்
ஜனவரி 27

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ரியா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு மைதிலி ஒரு தைலம் கொடுத்தாள். தனியாக அனுப்புகிறேன். தேவாவின் ஆட்டோ ஓடுகிறது.

அன்று மழை இல்லை. மார்கழி முடிந்தும் ரிங் ரோட்டில் பனிமூட்டம். எதிரே வருகிற லாரி தெரியவில்லை என்று பந்தயத்தை இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கியிருக்கிறார்கள். அவர் ஆறு மணிக்கு போன் செய்து, "கொஞ்சம் லேட்டாகும் போல, நீங்க கெளம்பிடுங்க, நான் நேரா கோயிலுக்கே வந்துடறேன்" என்றார். நான் சரி என்றேன்.

உடுப்பு முழுதும் வெளுக்கவில்லை. கறை இருந்த இடத்தில் லேஸ் வைத்துத் தைத்தேன். தெரியவில்லை.

நாற்பது கிலோமீட்டரை எழுபத்து நான்கு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்துவிட்டார். இதை உங்களுக்கு எழுதச் சொன்னார். பதக்கத்தை டிவி மேல் வைத்திருக்கிறோம்.

ஷாரன் உங்களுக்கு ஒரு புகைப்படம் அனுப்பச் சொன்னாள். இதனுடன் வைத்திருக்கிறேன். வலப்பக்கம் நான். இடப்பக்கம் மெழுகுதிரிக்குக் கீழே கை கொடுத்திருப்பவர் பார்த்தசாரதி சார்.

பணிவுடன்
ரியா